மாத நாவல்களை எடைக்குப் போடாதீர்கள்: நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலகப் பொறுப்பாளர்களுக்கும் நூல் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பின்னறையில் சணல் கயிறு போட்டுக் கட்டி அடுக்கியிருக்கும், மாதாமாதம் ஒரு முழு நாவலாக வந்த மாத நாவல்களை எடைக்குப் போட வேண்டாம் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் தவணை ஏற்கெனவே போய்விட்டது. ஆட்டோவில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். மிச்சம் இருப்பதாவது நிற்கட்டும்.

அந்தக் கட்டுகளில் பெரும்பகுதி நான் கொடுத்தவை. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் என் கணவரும் நானும் வாடகை நூல்நிலையம் நடத்தினோம். அவர் காலத்துக்குப் பிறகு நான் தனியாக நடத்தினேன். கடையை மூடிய சமயம் பழைய பேப்பர்க்காரர் தராசோடு வாசலில் வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு, ஐந்தைந்து நாவல்களாகச் சேர்த்துக் காலிகோ போட்டு பைண்டு செய்த தொகுதிகளைக் கிளை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். வரிசை எண் எழுதி, முத்திரை குத்தி, ரசீதும் தந்தார்கள். அந்த ரசீது இப்போதும் என்னிடம் இருக்கிறது. அன்று திருப்பியனுப்பிய அதே தராசில் நீங்கள் ஏற்றுவீர்கள் என்று தெரிந்திருந்தால், கேட்ட வாசகர்களுக்கே ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருப்பேன்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நீக்கப் பட்டியலை நின்று முழுவதும் படித்தேன். கிழிந்தவை, காலாவதியானவை, இலக்கியத் தரமற்றவை என்று மூன்று தலைப்பு. முதல் இரண்டில் எனக்குச் சண்டையில்லை. பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய கைடு எதற்கு? கரையான் தின்றதை வைத்து யார் படிக்கப் போகிறார்கள்? மூன்றாவதற்குத்தான் விளக்கம் வேண்டும். அதன் கீழே ஒரு எழுத்தாளர் பெயர் இல்லை, ஒரு கதைத் தலைப்பு இல்லை. 'மாத நாவல்கள், பல, கட்டுகளாக' என்று ஒரே வரி. பெயரைக்கூடப் படிக்காமல் தரம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மேசையில் இருந்த பிள்ளை, "நாங்க என்னம்மா பண்றது, மேலேருந்து வந்த உத்தரவு" என்றது. சரி, மேலே இருப்பவர்களையே கேட்டுவிடலாம்.

இடம் போதவில்லை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உட்கார இடம் வேண்டும் என்பது வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம். எங்கள் தெருவிலேயே குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கே நூலக வாசலில் பையை வைத்து இடம் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் நாற்காலி போடுங்கள், மின்விசிறி போடுங்கள், இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள், நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன். ஆனால் மாத நாவல்கள் இருந்தது சுவரோரம் ஒரே ஒரு இரும்பு பீரோ. அதை எடுத்தால் இரண்டு நாற்காலி போடலாம். அந்த இரண்டு நாற்காலிக்காக ஊர் முழுக்கப் படித்ததை வெளியே தள்ளுவதற்குப் பிள்ளைகளைக் காரணம் காட்டாதீர்கள்.

ஊர் முழுக்க என்று நான் சும்மா சொல்லவில்லை.

வாடகை நூல்நிலையம் எப்படி நடந்தது என்பது உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முன்பணம் கட்டினால் உறுப்பினர். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாள் வாடகை. மாதத்தின் முதல் வாரம் ஏஜெண்டிடமிருந்து பார்சல் வரும். அது பிரிக்கப்படும் முன்பே கடை வாசலில் ஐந்தாறு பேர் நிற்பார்கள். கண்டக்டர், மருந்துக்கடைப் பையன், தறிப் பட்டறையில் நூல் சுற்றும் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், அவர் பார்வையில் படாமல் தூண் மறைவில் நிற்கும் அவருடைய மாணவன். எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. "விவேக் ரூபலா வந்துருச்சா?", "பரத் சுசீலா இருக்கா?", "நரேன் வைஜயந்தி புதுசு?" இப்படித்தான். சுஜாதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கணேஷ் வசந்த் என்பார்கள். துப்பறிகிறவர்கள் நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள் மாதிரி பேச்சு நடக்கும். விவேக்கும் ரூபலாவும் சண்டை போட்டால் அடுத்த மாதம் வரை அது பற்றிய விசாரிப்பு ஓயாது.

பெண்கள் கேட்பது பெரும்பாலும் ரமணிசந்திரன். அதிலும் ஒருவர் "அழுகை கம்மியா இருக்கறது கொடுங்க" என்பார், இன்னொருவர் "நல்லா அழணும்" என்பார். இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுக்கத் தெரிந்திருந்ததுதான் எங்கள் தொழில். அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் இந்திரா சௌந்தர்ராஜனை விடாமல் படிப்பவர். ஆனால் "இன்னைக்கு நைட் டூட்டிக்கா, பேய் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குடும்ப நாவல் எடுத்துப் போவார். மறுநாள் காலை டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பேயை வாங்கிக்கொள்வார்.

நான் கொடுத்த தொகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். அது கிறுக்கல் இல்லை. ஏற்கெனவே படித்ததை மறுபடி எடுத்துப் போய் வாடகை வீணாகக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வாசகரும் தனக்கென்று ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஒருவருக்கு 27-ஆம் பக்கத்தில் புள்ளி, இன்னொருவருக்கு 40-ஆம் பக்கத்தில் பெருக்கல் குறி. கடைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். குறி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்கள். ஒரு நாவலை எத்தனை பேர், எந்தெந்த வீட்டிலிருந்து படித்தார்கள் என்பது அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. உங்கள் வழங்கல் பதிவேடு இவ்வளவு சொல்லாது. கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போன பாவிகளும் உண்டு. முதல் பக்கத்திலேயே 'கொலை பண்ணது டாக்டர்' என்று எழுதி வைத்த மகானுபாவர் ஒருவர் உண்டு. அவர் கையெழுத்து எங்களுக்குத் தெரியும், அவருக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்த வாசகர்களில் யாரும் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நூலகம் என்றால் அமைதியாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர்களின் இடம். ஆனால் வரி கட்டுவதில் அவர்கள் பங்கு மற்றவர்களைவிடக் குறைந்ததில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது, இன்றைக்கு அது சொத்து வரியில் பத்து சதவீதம். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். வாடகைக்குக் குடியிருப்பவரும் வீட்டுக்காரர் வழியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகள் உங்கள் படிப்பிலேயே இருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. எந்த மாதிரி வாசகர் என்று அவர் பிரித்துப் பேசவில்லை. பேருந்து நிலையத்துச் சந்தில் பார்சலுக்காகக் காத்திருந்தவருக்கு அந்த விதி பொருந்தாது என்றால் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள்.

இந்த மாதிரிக் கதைகளைப் படித்தால்தான் பிறகு நல்ல இலக்கியத்துக்கு வருவார்கள் என்று சிலர் இவற்றுக்காக வாதாடுவது உண்டு. நான் அப்படி வாதாட வரவில்லை. எங்கள் கடையில் தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லாலில் ஆரம்பித்து ஜெயகாந்தனுக்குப் போனவர்களும் இருந்தார்கள். சங்கர்லாலில் ஆரம்பித்து சங்கர்லாலிலேயே இருந்தவர்கள் அதைவிட அதிகம். இருந்தால் என்ன? நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தவர் இரவு ஒரு மணி நேரம் தமிழ் படித்தார். அதற்கு மேல் அவர் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தரத்தைப் பற்றியும் நேராகவே பேசிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை உங்களைவிட அதிகமாகப் படித்தவள் நான். வந்ததில் பாதி சுமார். பக்கம் நிரப்ப உரையாடலை இழுத்த நாவல்கள் ஏராளம். ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு அப்படியே ஊட்டிக்கு மாற்றியவை உண்டு. பெண்ணை முரட்டுத்தனமாக நடத்தும் பணக்காரன் கடைசி அத்தியாயத்தில் மனம் மாறினால் போதும் என்று முடியும் காதல் கதைகளைப் படித்து நானே புத்தகத்தை விட்டெறிந்திருக்கிறேன். அட்டையில் ஒன்று இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் ராஜேஷ்குமார் இரண்டு தனித்தனிக் கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் இரண்டையும் ஒரே இடத்தில் முட்ட வைப்பது கைத்திறன் இல்லையா? கோயம்புத்தூரில் உட்கார்ந்து 1,500-க்கு மேல் நாவல் எழுதியவர் அவர். சுபா என்ற பெயரில் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதினார்கள். சாகசக் கதையில் வேகம் என்றால் என்ன என்பதை அவர்களிடம் பார்த்தோம். பிறகு 'அயன்', 'கோ' படங்களில் ஊரே பார்த்தது. படித்துப் பார்த்துவிட்டு மோசம் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். கட்டைப் பிரிக்காமலே சொல்லக் கூடாது.

இன்னொன்று கேட்கிறேன். புஷ்பா தங்கதுரை எழுதிய மாத நாவல்கள் அந்தக் கட்டுகளில் இருந்தன. சிவப்பு விளக்குப் பகுதி, கொலை, கடத்தல் என்று எழுதியவர் என்பதால் அவை முதலில் வெளியே போயிருக்கும். உங்கள் வரலாற்று நாவல் அலமாரியில் ஸ்ரீவேணுகோபாலன் எழுதிய 'திருவரங்கன் உலா' பத்திரமாக இருக்கிறது, போன வாரம்கூடப் பார்த்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான். அரங்கனின் திருமேனியை ஊர் ஊராகத் தூக்கிச் சென்று காப்பாற்றிய கதையை எழுதிய அதே கைதான் மற்றதையும் எழுதியது. ஒருவரின் பாதியை வைத்துக்கொண்டு பாதியை எடைக்குப் போட்டால், நாளைக்கு அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வரும் மாணவிக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வரத்தான் போகிறார்கள். முன்பும் இதேதான் நடந்தது. ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழுக்குத் தழுவி எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரையும், ஜே.ஆர். ரங்கராஜுவையும், திகம்பர சாமியார் என்ற துப்பறிபவரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் அவர்கள் காலத்துப் பெரியவர்கள் என்ன பேச்சுப் பேசினார்கள் என்பது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' படித்தால் தெரியும். பெண்கள் கெட்டுப் போகிறார்கள், இளைஞர்கள் வீணாகிறார்கள் என்ற அதே பல்லவி. வடுவூராரின் 'மேனகா' 1935-இல் படமாக வந்தது, 'திகம்பர சாமியார்' 1950-இல் நம்பியார் நடித்து வந்தது. 115 நாவல்கள் எழுதி, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி இன்று கருத்தரங்கு போடுகிறார்கள். அவர்கள் காலத்துப் பதிப்புகளைத் தேடி அலைகிறார்கள்.

அவற்றில் கிடைப்பவையும் யாரால் கிடைக்கின்றன? கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா என்ற தனி மனிதரால். உயர்ந்தது தாழ்ந்தது பார்க்காமல் நாவல், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அவர் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆனது. நம் ஊர்க்காரர் சேர்த்ததன் மதிப்பு அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாத நாவல் விஷயத்திலும் அப்படியே ஆகிக்கொண்டிருக்கிறது. 2008-இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், தமிழ்வாணன், புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன் முதலியோரின் கதைகளை ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாகப் போட்டது. ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்தார். அதை வாங்கி ஆங்கில அலமாரியில் வைப்பதற்கு உங்கள் குழுவில் யாரும் மறுப்பு சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழ் மூலம் பின்னறையில் சணல் கயிற்றில் கிடக்கிறது.

"பிரபலமானவர்களின் கதைகள்தான் மறுபதிப்பு வருகிறதே, வேண்டுமென்றால் அதை வாங்கிக்கொள்கிறோம்" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வருவது கொஞ்சம். 1969-இல் 'ராணி முத்து' தொடங்கியதிலிருந்து, 'மாலைமதி', 'எ நாவல் டைம்', 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று கடைகளில் கயிற்றில் தொங்கிய காலம் வரை வந்தவற்றில் பலவற்றுக்கு அந்த ஒரு அச்சுத்தான். ஒரு மாதம் விற்றது, அடுத்த மாதம் அடுத்தது வந்தது, அவ்வளவுதான். பெரிய பெயர் இல்லாத எழுத்தாளர்கள், ஓரிரு நாவல் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்ட பெண்கள், புனைபெயரில் எழுதிய அரசு ஊழியர்கள், இவர்களுக்கெல்லாம் மறுபதிப்பு போட எந்தப் பதிப்பாளரும் வரப் போவதில்லை. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது எங்கள் பழைய வாசகர் ஒருவர் தொலைபேசியில் ஒரு நாவலின் கதையைச் சொல்லி, தலைப்பு மறந்துவிட்டது, தேடித்தர முடியுமா என்று கேட்டார். நூலகத்தில் இருக்கும் போய்ப் பாருங்கள் என்று நம்பிக்கையாகச் சொன்னேன். அவர் போனார். அந்த பீரோவில் அப்போதே குரூப் தேர்வு வழிகாட்டிகள் அடுக்கியிருந்தார்களாம்.

மறுபதிப்பு வந்தாலும் கதை மட்டும்தான் வரும். ஜெயராஜும் மாருதியும் ஷ்யாமும் வரைந்த அட்டைகள் வராது. பின்பக்கத்து வாசகர் கடிதங்கள் வராது. எந்தெந்த ஊரிலிருந்தெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பேருந்து வழித்தடம் முழுக்க அதில் இருக்கும். தலைவலித் தைலம், தையல் இயந்திரம், சீட்டுக் கம்பெனி என்று அந்தந்தக் காலத்து விளம்பரங்கள் வராது. ஒரு சின்ன ஊரில் 1980-களில் என்ன விற்றது, மக்கள் எதற்குப் பயந்தார்கள், கல்யாணத்தைப் பற்றி என்ன கனவு கண்டார்கள் என்று கேட்டால் நான் இந்தக் கட்டுகளைத்தான் கையில் கொடுப்பேன்.

தாள் தாங்காது என்பது இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சாணித்தாளில் அச்சடித்தது, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது என்கிறீர்கள். நொறுங்கும்தான். மட்டமான தாளில் இருக்கும் அமிலம் வெயிலும் ஈரமும் பட்டால் இன்னும் வேகமாகத் தின்றுவிடும். நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்து முதுகை அறுக்கும். அதனால்தான் நாங்கள் பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைத்து பைண்டு செய்தோம். வெயில் படாத, ஓதம் இல்லாத இடத்தில் படுக்கையாக அடுக்கினால் இன்னும் பல வருடம் நிற்கும். நான் கொடுத்த தொகுதிகளில் எத்தனை நொறுங்கியிருந்தன என்று யாராவது பார்த்தீர்களா? பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் எனக்குச் சொன்னது வேறு.

தாள் நிற்காது என்றால் அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கிற ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம், அது உரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் இருக்கிறது. கையில் பிரதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நாவல்களுக்கெல்லாம் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை இருக்கும். ஆகவே நீங்கள் எடைக்குப் போடும் ஒவ்வொரு கட்டோடும் அதை வருடி (ஸ்கேன் செய்து) வைக்கும் உரிமையையும் சேர்த்து விற்கிறீர்கள். கிலோவுக்குச் சில ரூபாய் வந்திருக்கும். பிறகு கேட்டால் பிரதியும் இருக்காது, படி எடுக்க அனுமதியும் இருக்காது.

எங்கே பட்டியல் போடுவது என்று தெரியாததுதான் குழப்பத்துக்கு மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதாமாதம் வருவதால் இதழ் என்று பதிவாகியிருக்கும். இதழ் என்றால் சில மாதம் வைத்துவிட்டுக் கழித்துவிடலாம் என்பது உங்கள் வழக்கம். ஆனால் நூல்களை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் செய்தித்தாள் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம், பொதுச் செய்தியோ அதைப் பற்றிய கருத்தோ உள்ள வெளியீடு. எஸ்டேட் பங்களாவில் கொலை செய்தது யார் என்பது பொதுச் செய்தியா? ஒரு முழு நாவல், எழுத்தாளர் பெயரோடு, தலைப்போடு, தொடக்கம் முடிவோடு இருக்கிறது. அதை நூல் என்று பதிவு செய்ய என்ன தடை?

இனி நான் கேட்பவை.

பின்னறையில் இருக்கும் கட்டுகளின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். ஏலம் எடுத்தவரிடம் முதல் தவணை இன்னும் அரவைக்குப் போகாமல் இருந்தால் திரும்ப வாங்குங்கள். அதற்கான தொகையை நான் கட்டுகிறேன், எங்கள் பழைய வாசகர்கள் சிலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப வாங்க முடியாது என்றால் எத்தனை தொகுதி போயின என்ற கணக்கை எழுத்தில் கொடுங்கள். நன்கொடை ரசீதோடு நான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நீக்கப் பட்டியலிலிருந்து இலக்கியத் தரமற்றவை என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். கிழிந்தது, காலாவதியானது, ஒன்றுக்கு மேல் படி உள்ளது என்று காரணம் இருந்தால் சொல்லுங்கள். எந்த நூலை நீக்குவதானாலும் எழுத்தாளர் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றும் எழுதிய பட்டியலை ஒரு மாதம் முன்னதாகப் பலகையில் ஒட்டுங்கள். நன்கொடையாக வந்தது என்றால் கொடுத்தவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ முதலில் தகவல் சொல்லி, திரும்ப எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுங்கள்.

மாவட்டத்தில் ஏதாவது ஒரு நூலகத்தில், ஈரமில்லாத ஒரு அறையில், ஒவ்வொரு மாத நாவலுக்கும் ஒரு படி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். மற்ற கிளைகளில் இருப்பவற்றையும் அங்கே சேருங்கள். எழுத்தாளர் பெயரில், நூலாக, அட்டவணைப்படுத்துங்கள். அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். எந்தப் புனைபெயர் யாருடையது, எந்தக் கதை எந்தத் தலைப்பில் மறுபடி வந்தது என்பதெல்லாம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. அது போவதற்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நொறுங்கும் நிலையில் இருப்பவற்றைச் சட்டம் அனுமதிக்கிறபடி முதலில் வருடி வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் இப்படித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அவர்களிடம் முறை கேட்கலாம். பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதென்றால் எழுத்தாளரிடமோ வாரிசிடமோ அனுமதி வாங்கி, அதற்குரிய தொகையைக் கொடுத்து வையுங்கள். ஒரு நாவலுக்கு வந்த சொற்பப் பணத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். பாதுகாக்கிறோம் என்ற பெயரில் இலவசமாகப் பரப்பிவிடக் கூடாது.

நூல் தேர்வுக் குழுவில் இந்த வகைக் கதைகளைத் தொடர்ந்து படிக்கும் வாசகர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. அந்தச் செவிலியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், நேரம் இருக்கிறது, இருபது பக்கம் படித்தாலே கதை தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். நீக்கப் பட்டியல் ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள். அடுத்த மாதம் முதல் தேதி வந்து பார்க்கிறேன். அதுவரை அந்தப் பின்னறையின் பூட்டைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேருந்து நிலையச் சந்தில் வாடகை நூல்நிலையம் நடத்தியவள்